அடிப்பதா, போடுவதா? பெத்தாங்க் ஆட்டத்தில் மூவர் அணி முடிவெடுக்கும் முறை: முழுமையான வழிகாட்டி

உலோகக் குண்டுகளை எறிந்து ஆடும் பெத்தாங்கில் ஓர் உள்ளூர்ப் போட்டியின் கால் இறுதி. நாங்கள் 9, எதிரணி 11. எங்கள் கையில் கடைசிக் குண்டு ஒன்று, அவர்கள் கையில் இன்னும் இரண்டு. குறியாக வைக்கும் சின்ன மர உருண்டையான கொஷொனேவை ஒட்டினாற்போல் அவர்களுடைய குண்டு நின்றது. எங்கள் அடிப்பவர், “கொஷொனேவையே அடிச்சு வெளியே தள்ளிடறேன், சுற்று செல்லாமப் போயிடும்” என்றார். நான் தலையசைத்தேன். அருமையான அடி. கொஷொனே எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடியது. எங்களுக்குக் கைதட்டக்கூட நேரம் கிடைக்கவில்லை. நடுவர் எதிரணிக்கு 2 புள்ளி எழுதினார். 13-9, ஆட்டம் முடிந்தது.

விதி தெளிவானது. கொஷொனே களத்தை விட்டு வெளியேறும்போது இரு அணியின் கையிலும் குண்டு இருந்தால் சுற்று செல்லாது. இருவர் கையிலும் இல்லை என்றாலும் செல்லாது. ஒரு அணியின் கையில் மட்டும் மிச்சமிருந்தால், மிச்சமுள்ள குண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி அந்த அணிக்கு. எங்கள் மூவருக்கும் இது தெரியும். ஆனால் அந்த நேரத்தில் எதிரணியின் கையில் எத்தனை குண்டு இருக்கிறது என்று ஒருவர்கூட எண்ணிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் அணியில் ஒரே ஒரு கட்டாயம் வைத்திருக்கிறோம்: யாரும் வாயைத் திறப்பதற்கு முன் இரண்டு எண்களைச் சொல்ல வேண்டும். “நமக்கு மூணு, அவங்களுக்கு ரெண்டு.” அதற்குப் பிறகுதான் யோசனை.

முடிவெடுப்பது பற்றி எனக்குத் தெரிந்த எல்லாமே இந்த இரண்டு எண்களிலிருந்துதான் தொடங்குகிறது.

ஆட்டம் புதிது என்பவர்களுக்கு

பெத்தாங்க் தென் பிரான்சின் புரொவான்ஸ் பகுதியில், மார்செய்க்குப் பக்கத்திலுள்ள லா சியோத்தா என்ற ஊரில் பிறந்தது. 1907 என்றும் 1910 என்றும் ஆண்டு சொல்வார்கள். அதற்கு முன் அங்கே ஆடிய குண்டாட்டத்தில் ஓடி வந்து எறிய வேண்டியிருந்தது. மூட்டுவலியால் ஓட முடியாமல் போன ழூல் லெனுவார் என்ற ஆட்டக்காரருக்காக, நின்ற இடத்திலிருந்தே குறைந்த தூரத்துக்கு எறியும்படி ஆட்டத்தை மாற்றினார்கள். புரொவான்ஸ் மொழியில் ‘ஊன்றிய கால்கள்’ என்று பொருள்படும் சொல்லே ஆட்டத்தின் பெயராயிற்று. பிரெஞ்சு ஆட்சியின் வழியாகப் புதுச்சேரிக்கும் வந்து சேர்ந்தது.

35 முதல் 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் இரு பாதங்களையும் ஊன்றி நிற்க வேண்டும். 6 முதல் 10 மீட்டர் தூரத்தில் ஒரு சின்ன மர உருண்டை. அதுதான் கொஷொனே, பிரெஞ்சில் பன்றிக்குட்டி என்று பொருள். எறியும் உலோகக் குண்டு 650 முதல் 800 கிராம் எடை இருக்கும். மூவர் ஆட்டத்தில் ஆளுக்கு 2 குண்டு, இருவர் ஆட்டத்தில் ஆளுக்கு 3. இரண்டிலும் அணிக்கு 6. கொஷொனேவுக்கு அருகில் குண்டு வைத்திருக்கும் அணி சும்மா நிற்கும். வைத்திராத அணி, அந்த இடத்தைப் பிடிக்கும்வரை அல்லது கையிருப்பு தீரும்வரை எறிந்துகொண்டே இருக்கும். எல்லாம் தீர்ந்த பிறகு, எதிரணியின் மிக அருகிலுள்ள குண்டை விட நெருக்கமாக நம் குண்டுகள் எத்தனை நிற்கின்றனவோ அத்தனை புள்ளி. 13 எடுத்தவர் வென்றார்.

கொஷொனேவுக்கு அருகில் குண்டைக் கொண்டுபோய் நிறுத்துவதைப் ‘போடுவது’ என்றும், எதிரணியின் குண்டைத் தாக்கி விரட்டுவதை ‘அடிப்பது’ என்றும் இங்கே எழுதுகிறேன். கோலி ஆடிய கைகளுக்கு இந்த இரண்டு சொற்களும் புதிதல்ல.

முதல் படி: யாருக்கு என்ன வேலை

பிரெஞ்சில் போடுபவர் புவாந்தர், அடிப்பவர் திரர், நடுவில் இரண்டும் செய்பவர் மிலியு. அணி அமைக்கும்போது எல்லோரும் சிறந்த அடிப்பவரைத் தேடுவார்கள். என் அனுபவத்தில் அணியின் தலைவிதி நடு ஆட்டக்காரரிடம் இருக்கிறது. போடுபவர் தொடக்கத்தில் இரண்டு குண்டையும் செலவழித்துவிடுவார். அடிப்பவர் கூப்பிடும்போது வருவார். சுற்றின் குழப்பமான நடுப்பகுதி முழுவதும் நடு ஆட்டக்காரரின் தலையில் விழும். ஒரு குண்டால் போட்டு, அடுத்த குண்டால் அடிக்க வேண்டியிருக்கும். இரண்டும் ஓரளவு வரக்கூடிய, பதறாத ஒருவர் அந்த இடத்துக்கு வேண்டும்.

முடிவு சொல்பவர் யார் என்பதையும் ஆட்டம் தொடங்குமுன் பேசிவிடுங்கள். மூவரும் கருத்துச் சொல்லலாம். கருத்து வேறுபட்டால் யார் சொல்வது கடைசி என்பது தெரிந்திருக்க வேண்டும். வயதில் மூத்தவரிடம் அந்தப் பொறுப்பு தானாகவே போய்விடுவது நம்மிடம் வழக்கம். அவர் கணக்கில் தெளிவானவர் என்றால் நல்லது. இல்லையென்றால் மரியாதையை மரியாதையாக வைத்துக்கொண்டு, முடிவை நடு ஆட்டக்காரரிடம் கொடுங்கள். அவர் போடுபவருக்கும் அடிப்பவருக்கும் நடுவில் நிற்கிறார். இரு பக்கமும் அவருக்குப் புரியும்.

விதிப்படி எறியும் வரிசை அணியின் விருப்பம். அடிப்பவருக்கு அன்று கை வரவில்லை என்றால், இரண்டு மூன்று சுற்று பார்த்துவிட்டு இடத்தை மாற்றிக்கொள்ளலாம். இதைத் தண்டனையாக யாரும் எடுத்துக்கொள்ளாதபடி முன்கூட்டியே பேசி வைத்திருந்தால், மாற்றம் அமைதியாக நடக்கும்.

இரண்டாம் படி: கொஷொனேவை எங்கே எறிவது

முந்தைய சுற்றை வென்ற அணிதான் கொஷொனேவை எறியும். பலர் இதைச் சடங்குபோல் செய்கிறார்கள். அந்தச் சுற்றின் முதல் முடிவே இதுதான்.

எதிரணியில் நல்ல அடிப்பவர் இருந்தால் தூரமாக, 9 மீட்டருக்கு மேல் எறியுங்கள். தூரம் கூடக் கூட எல்லா அடிப்பவருக்கும் குறி தளரும். நம் அடிப்பவர்தான் பலம் என்றால் ஆறரை, ஏழு மீட்டர் போதும். இரு பக்கமும் அடிப்பவர்கள் சமம் என்றால் மண்ணைப் பார்த்து எறியுங்கள்: நம் போடுபவர் உயரத் தூக்கிப் போடுவதில் தேர்ந்தவர் என்றால் கல்லும் மேடுமான பகுதிக்கு, உருட்டிப் போடுபவர் என்றால் சமமான பகுதிக்கு. எல்லைக்கு அருகில் எறிவதில் ஒரு நுணுக்கம் உண்டு. அங்கே கொஷொனே எளிதில் வெளியே போகும்; பின்தங்கி இருக்கும் அணிக்கு அது தப்பிக்கும் வழி. முன்னிலையில் இருக்கும்போது அந்த வழியைத் திறந்து வைக்காதீர்கள்.

எறி ஒன்றுதான். அது 6 மீட்டருக்குக் குறைந்தோ 10 மீட்டரைத் தாண்டியோ போய்விட்டால், எதிரணி தனக்குப் பிடித்த இடத்தில் கையால் வைத்துக்கொள்ளும். அதனால் கச்சிதமாக 10 மீட்டர் என்று பேராசைப்பட வேண்டாம்.

மூன்றாம் படி: மண்ணைப் படிப்பது

போடுபவர் முதல் குண்டை எறிவதற்கு முன் கொஷொனேவரை நடந்து போய்த் திரும்ப வேண்டும். கண்ணால் பார்த்தால் தெரியாத சரிவு காலுக்குத் தெரியும். எறியும்போது அவர் பார்க்க வேண்டியது கொஷொனேவை அன்று, குண்டு முதலில் தரையில் விழ வேண்டிய இடத்தை. பிரெஞ்சில் இதை ‘தொன்னே’ என்பார்கள். எப்படிப் போட்டாலும் விழும் இடம் சரியாக இருந்தால் மீதியை மண் பார்த்துக்கொள்ளும்.

சமதரையில் உருட்டலாம். சாதாரணச் சரளைத் தரையில் பாதி தூரத்தில் விழும்படி போடுவது பாதுகாப்பு. கல்லும் பள்ளமுமான இடத்தில் உயரத் தூக்கி, கொஷொனேவுக்கு மிக அருகில் விழும்படி போட வேண்டும். இது கடினம், பழகினால் பெரிய ஆயுதம். முந்தைய குண்டு பறித்த ஒரே ஒரு குழியை மூட விதி அனுமதிக்கிறது. அதற்கு மேல் தரையை மிதிப்பதும் கல்லைத் தள்ளி வைப்பதும் கூடாது.

நான்காம் படி: முதல் குண்டு

பிரெஞ்சு ஆட்டக்காரர்களிடம் ஒரு சொல் வழக்கு உண்டு: முன்னால் நிற்கும் குண்டு வெள்ளிக் குண்டு. வெள்ளிக்கும் பணத்துக்கும் அவர்களுக்கு ஒரே சொல். கொஷொனேவுக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி நிற்கும் குண்டு எதிரணியின் உருட்டலை மறிக்கும். யாராவது தெரியாமல் இடித்தால் அது கொஷொனேவை நோக்கித்தான் நகரும். பின்னால் ஒரு சாண் தள்ளி நிற்பதும் அளவில் அதே தூரம்தான். எதிரணிக்கு வழி திறந்தே கிடக்கும், முட்டுக்கொடுக்கும் சுவராகவும் உதவிவிடும்.

எதிரணியின் அடிப்பவர் மிகவும் நன்றாக அடிக்கிறார் என்றால் இதையே கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். முன்னால் தெளிவாகத் தெரியும் குண்டு அவருக்கு எளிய இலக்கு. அப்போது இரண்டாவது, மூன்றாவது குண்டுகளைப் பக்கத்திலும் பின்னாலும் பரப்பி வையுங்கள். அடிகள் விழ விழக் கொஷொனே பெரும்பாலும் பின்னோக்கி நகரும். நகர்ந்த இடத்தில் நம் குண்டு காத்திருக்கும்.

ஐந்தாம் படி: அடிப்பதா, போடுவதா

இனி விஷயத்துக்கு வருவோம். எதிரணியின் குண்டு கொஷொனேவுக்கு அருகில் நிற்கிறது, நம் முறை. என்ன செய்வது?

எங்கள் அணியில் பயன்படுத்தும் அளவுகோல் சாணும் முழமும். எதிரணியின் குண்டு ஒரு சாணுக்குள் நின்றால் அடிப்பது. ஒரு முழத்துக்கு வெளியே நின்றால் போடுவது. இரண்டுக்கும் இடையில் என்றால் எண்ணுவது.

ஏன் இப்படி? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் அடிப்பவர் 7 மீட்டரில் பத்துக்கு ஆறு முறை அடிப்பார் என்று வைத்துக்கொள்வோம். எதிரணியின் குண்டு 20 சென்டிமீட்டரில் இருக்கிறது. நம் போடுபவர் அதைவிட அருகில் நிறுத்துவது பத்துக்கு மூன்று முறை நடக்கலாம். அடிப்பதே மேல். அதே குண்டு 60 சென்டிமீட்டரில் இருந்தால் அவர் பத்துக்கு ஏழு முறை வெல்வார். போடுவதே மேல். எண்கள் அணிக்கு அணி, மண்ணுக்கு மண் மாறும். உங்கள் எண்களை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான வழியைப் பின்னால் சொல்கிறேன்.

ஆனால் வெற்றி வாய்ப்பை மட்டும் ஒப்பிட்டால் பாதிக் கணக்குதான். தோற்றால் என்ன மிஞ்சும் என்பது மறுபாதி. தவறிய அடி பெரும்பாலும் களத்தின் பின்பக்கம் ஓடி, அந்தச் சுற்றுக்குப் பயன்படாமல் போய்விடும். சற்றுக் குறைந்துபோன போடல் தரையில் கிடக்கும். அது இரண்டாவது இடத்தில் நிற்கலாம், வழியை மறிக்கலாம், பிறகு கொஷொனே நகர்ந்தால் புள்ளியாகவே மாறலாம். அதனால் வாய்ப்பு இரண்டும் சமம் என்றால் நான் போடச் சொல்வேன்.

அடித்து வென்றால் என்ன கிடைக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். தரையில் நம் குண்டு எதுவும் அருகில் இல்லாதபோது எதிரணியின் ஒரே குண்டை அடித்து விரட்டுவதால் கிடைப்பது வெற்றுத் தரை. எதிரணி மறுபடியும் எளிதாகப் போட்டுவிடும். இரண்டாவது இடத்தில் நம் குண்டு நிற்கும்போது அடித்தால் அதே அடி புள்ளியைத் திறந்துவிடுகிறது. இரண்டாவதும் மூன்றாவதும் நம்முடையது என்றால் அந்த அடியின் மதிப்பு இரட்டிப்பு. அதனால்தான் நல்ல அணிகள் முதலில் ஒன்றிரண்டு குண்டுகளைத் தரையில் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு அடிப்பவரைக் கூப்பிடுகின்றன. எதிரணியின் குண்டு இருந்த இடத்திலேயே நம் குண்டு அமர்ந்துவிடும் அடியை ‘காரோ’ என்பார்கள். அது கிடைத்தால் கொண்டாடுங்கள். முடிவெடுக்கும்போது அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

எதிரணியின் குண்டைச் சுற்றி நம் குண்டுகளும் நிற்கும்போது இன்னொரு கேள்வி: சற்றுப் பிசகினால் எதன்மேல் படும்? இந்தக் கேள்வியை வட்டத்திலிருந்து கேட்டால் பதில் கிடைக்காது. கொஷொனேவின் பக்கம் நிற்பவர்தான் இடைவெளியைப் பார்த்துச் சொல்ல முடியும்.

ஆறாம் படி: மிச்சக் குண்டுக் கணக்கு

சுற்று முடிய முடியத் தூரத்தை விட எண்ணிக்கை முக்கியமாகிறது. இங்கேதான் அதிகப் புள்ளிகள் கைமாறுகின்றன. மூன்று நிலைமைகளைச் சொல்கிறேன்.

முதல் நிலைமை: எதிரணியின் கை காலி, நம்மிடம் இரண்டு. ஆட்டம் நமக்கு 11-8. எதிரணியின் குண்டு கொஷொனேவிலிருந்து 20 சென்டிமீட்டர். அடுத்தவை இரண்டும் நம்முடையவை, 50 மற்றும் 70இல். எதிரணியின் அடுத்த குண்டு ஒரு மீட்டருக்கு அப்பால். ஒரு குண்டை 20க்குள் போட்டால் 1 புள்ளி, 12-8. அடித்து விரட்டினால் 50, 70 இரண்டும் புள்ளியாகி 13, ஆட்டம் முடிந்தது. பத்துக்கு ஆறு அடிப்பவருக்கு இரண்டு வாய்ப்பு இருந்தால், இரண்டிலும் தவறுவது 0.4 பெருக்கல் 0.4, அதாவது நூற்றுக்கு 16. நூற்றுக்கு 84 முறை ஆட்டம் நம்முடையது. இரண்டும் தவறினால் இழப்பு ஒரே ஒரு புள்ளி. இங்கே போடச் சொல்பவர் பயந்துபோயிருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

இரண்டாம் நிலைமை: நம்மிடம் ஒன்று, எதிரணியிடம் மூன்று, அருகில் நிற்பதும் அவர்களுடையது. இந்தச் சுற்றை வெல்வது கடினம். இப்போது கேள்வி, எத்தனை புள்ளியை விட்டுக்கொடுப்பது என்பது. கடைசிக் குண்டை இரண்டாவது இடத்தில் நன்றாக நிறுத்தினால், அவர்கள் அதைத் தாண்டிப் போட வேண்டும் அல்லது அடிக்க வேண்டும். மூன்று நான்கு புள்ளி போக வேண்டிய சுற்றில் ஒன்று, இரண்டோடு நிற்கும். புள்ளியைக் கொடுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவதை அவமானமாக நினைப்பவர்கள், ஒரே சுற்றில் ஐந்து புள்ளி இழந்து ஆட்டத்தையும் இழப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் நிலைமை: அருகில் நிற்பது நம்முடையது, எதிரணியிடம் குண்டு இல்லை, நம்மிடம் இரண்டு இருக்கிறது. புள்ளி சேர்க்கும் நேரம். பெரும்பாலும் நிதானமாகப் போட்டுச் சேர்ப்பதே சரி. அப்போது அளவாகப் போடுங்கள். வேகமாக வந்து நம் குண்டையே தள்ளிவிடுவது இந்தக் கட்டத்தில்தான் நடக்கும்.

எல்லா நிலைமையிலும் பலகையில் உள்ள எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூவர் ஆட்டத்தில் ஒரு சுற்றில் எடுக்கக்கூடிய அதிகபட்சம் 6. நாம் 12, அவர்கள் 6 என்றால் இந்தச் சுற்றில் நாம் தோற்கவே முடியாது, துணிந்து ஆடலாம். நாம் 12, அவர்கள் 10 என்றால் அவர்களுடைய மூன்று குண்டு நம்மைவிட நெருங்கி நிற்க விடக்கூடாது என்பதே முதல் வேலை. முன்னிலையில் இருக்கும்போது தரையைக் காலியாக வைத்திருப்பதும், பின்தங்கும்போது தரையில் குண்டுகளைக் குவிப்பதும் பொதுவாக உதவும். குண்டுகள் நிறைய கிடந்தால் பெரிய சுற்றுக்கு வாய்ப்பு. முன்னிலையில் இருப்பவருக்குப் பெரிய சுற்று தேவையில்லை.

ஏழாம் படி: கொஷொனேவை அடிப்பது

தொடக்கத்தில் சொன்ன தோல்வி இந்தப் படியில் நேர்ந்தது. அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

எதிரணியின் மூன்று குண்டு நெருங்கி நிற்கிறது. அவர்கள் கை காலி. நம்மிடம் ஒன்று. கொஷொனேவை அடித்து வெளியேற்றினால் இருவர் கையிலும் எதுவும் இல்லை, சுற்று செல்லாது. மூன்று புள்ளி தப்பியது.

அதே நிலைமை, நம்மிடம் இரண்டு இருக்கிறது. முதல் குண்டிலேயே கொஷொனே வெளியே போனால், மிச்சமுள்ள ஒரு குண்டுக்கு நமக்கு 1 புள்ளி. இழக்க வேண்டிய சுற்றில் சம்பாதிக்கிறோம். மூன்று இருந்தால் 2 புள்ளி. எதிரணி தன் குண்டுகளைச் சீக்கிரம் செலவழித்துவிட்ட சுற்றுகளில் இதை மறக்காதீர்கள்.

நம் கடைசிக் குண்டு, எதிரணியிடம் மிச்சம் உண்டு: வெளியேற்றவே கூடாது. அவர்களிடம் எத்தனையோ அத்தனை புள்ளி அவர்களுக்கு.

கொஷொனே கோட்டைத் தாண்டினால் மட்டும்தான் வெளியேறியதாகக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். வட்டத்திலிருந்து 20 மீட்டருக்கு மேல் போனாலும், 3 மீட்டருக்குள் வந்துவிட்டாலும் அது செல்லாது. அடிபட்டும் களத்துக்குள்ளேயே நின்றுவிட்டால் புதிய இடத்தில் ஆட்டம் தொடரும். அதனால் அடிப்பதற்கு முன் பார்க்க வேண்டியது: அது எந்தப் பக்கம் ஓடும், அந்தப் பக்கத்தில் யாருடைய குண்டுகள் கிடக்கின்றன? பின்பக்கம் நம் குண்டுகள் இரண்டு கிடந்தால், பாதி அடிகூடப் போதும்.

எட்டாம் படி: ஒரு நிமிடப் பேச்சு

முந்தைய குண்டு நின்றதிலிருந்து எறிவதற்கு ஒரு நிமிடம் கொடுக்கிறார்கள். அளந்து பார்க்க வேண்டியிருந்தால், அளந்து முடித்ததிலிருந்து. அந்த நிமிடத்துக்குள் மூவர் பார்த்து, பேசி, ஒத்துப்போக வேண்டும். நேரம் நிறையவே இருக்கிறது, வரிசை தெரிந்திருந்தால்.

எங்கள் வரிசை இப்படிப் போகும். கொஷொனேவின் பக்கம் நிற்பவர் யாருடையது அருகில், இரண்டாவது யாருடையது என்று சொல்வார். அடுத்தவர் கையிருப்பு எண்களைச் சொல்வார். நடு ஆட்டக்காரர் முடிவைச் சொல்வார். எறியப்போகிறவர் “சரி” என்பார், அல்லது மறுப்பார். எறிபவருக்கு மறுக்கும் உரிமை கட்டாயம் வேண்டும். அவருடைய கைக்கு நம்பிக்கை இல்லாத அடியை மற்ற இருவரும் சேர்ந்து திணித்தால், குண்டு வட்டத்தை விட்டுப் போகும்போதே அது தெரிந்துவிடும். மறுத்தால் வேறு வழியைச் சொல்ல வேண்டும், சும்மா உதட்டைப் பிதுக்கக் கூடாது.

அவர் வட்டத்துக்குள் கால் வைத்த பிறகு யாரும் பேசக் கூடாது. ஒரு சொல்கூட. “பார்த்துப் போடு” என்பதும்தான். பார்த்துப் போட வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? அந்தச் சொல் அவர் மனதில் ஏற்றுவது நம் பயத்தை மட்டும். வட்டத்துக்குள் போன பிறகு அவருக்கே சந்தேகம் வந்தால், வெளியே வந்துவிடட்டும். நிமிடம் முடியவில்லை என்றால் அதில் தவறில்லை. இரண்டு மனதோடு எறிந்த குண்டு அடிக்கும் போகாமல் போடலுக்கும் உதவாமல் நடுவில் எங்கோ நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

விழும் இடத்தைக் காட்டும்போது விரலால் சுட்டி, சொல்லாலும் சொல்லுங்கள்.

“அண்ணே, எங்கே விழணும்?”

“அந்த வெள்ளைக் கல்லுக்கு ஒரு சாண் முன்னாடி. விழுந்ததும் இடப்பக்கம் இழுக்கும், ரெண்டு விரல் வலப்பக்கமாப் போடு.”

இது போதும். காட்டியவர் உடனே விலகிவிட வேண்டும்.

என்ன செய்யக் கூடாது என்று சொல்லாதீர்கள். “நீளமாப் போயிடாதே” என்றால் கேட்பவர் காதில் ‘நீளம்’ மட்டும் தங்கும். “கல்லுக்கு முன்னாடி” என்றால் கல் தங்கும்.

தவறிய பிறகு என்ன சொல்வது? எங்களிடம் பழகிப்போன சொல் “அடுத்தது.” அவ்வளவுதான். முகத்தைச் சுளிப்பது, கையை விரிப்பது, குண்டைத் துணியால் துடைத்துக்கொண்டே வேறு பக்கம் திரும்புவது இவையெல்லாம் பேச்சை விட உரக்கக் கேட்கும். அடிப்பவர் இதை அதிகம் உணர்வார். போடுபவரின் பிழை சில சென்டிமீட்டர் என்று கண்ணுக்குத் தெரியும். அடிப்பவரின் பிழை முழுத் தோல்வியாகத் தெரியும். இரண்டு முறை தவறியவரிடம் மூன்றாவதாகவும் அடிக்கச் சொல்லும் துணிவு அணிக்கு வேண்டும், கணக்கு அடிக்கச் சொன்னால்.

அளப்பதற்கு நடுங்காத கை உள்ளவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். அளக்கும்போது குண்டையோ கொஷொனேவையோ அசைத்துவிட்டால், அசைத்த அணி அந்தப் புள்ளியை இழக்கும். உணர்ச்சிவசப்பட்டிருப்பவர், அதாவது பெரும்பாலும் இப்போதுதான் எறிந்தவர், டேப்பைத் தொடாமலிருப்பது நல்லது.

ஒன்பதாம் படி: உங்கள் எண்களைக் கண்டுபிடிப்பது

‘பத்துக்கு ஆறு’ என்று மேலே எழுதியபோது, ‘எங்கள் அடிப்பவர் எத்தனை?’ என்று யோசித்திருப்பீர்கள். பெரும்பாலானவர்கள் தங்கள் எண்ணைக் கூட்டியே நினைத்துக்கொள்கிறார்கள். விழுந்த அடி நினைவில் நிற்கிறது, விழாதது மறந்துபோகிறது.

உலகப் போட்டிகளில் துல்லிய அடி என்று தனிப் பிரிவு இருக்கிறது. ஐந்து விதமான இலக்கு அமைப்புகள். ஒவ்வொன்றும் 6, 7, 8, 9 மீட்டர் தூரங்களில். மொத்தம் 20 அடி. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 5 புள்ளி, ஆகவே முழு மதிப்பெண் 100. தனிக் குண்டு, கொஷொனேவுக்குப் பின்னால் உள்ள குண்டு, இரண்டு குண்டுகளுக்கு நடுவில் உள்ளது, இன்னொரு குண்டுக்குப் பின்னால் மறைந்தது, பிறகு கொஷொனே மட்டும். இதை மாதம் ஒருமுறை செய்து எழுதி வையுங்கள். எந்தத் தூரத்தில் அடிப்பவரின் குறி தளர்கிறது என்று சில மாதங்களில் தெரியும். கொஷொனேவை எவ்வளவு தூரம் எறிவது என்ற இரண்டாம் படியின் கேள்விக்கு அதுவே விடை.

போடுபவருக்கு இன்னும் எளிது. கொஷொனேவைச் சுற்றி ஒரு சாண் ஆரத்தில் ஒரு வட்டம், ஒரு முழ ஆரத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். இருபது குண்டு போட்டு, எது எதற்குள் எத்தனை என்று எழுதுங்கள். ஈர மண்ணிலும் காய்ந்த மண்ணிலும் தனித்தனியாக.

இன்னொரு பயிற்சி எங்களுக்கு அதிகம் உதவியது. முழு ஆட்டம் ஆடாமல், நிலைமைகளை மட்டும் அமைத்து ஆடுவது. குண்டுகளைக் கையால் அடுக்கி, “நமக்கு ரெண்டு, அவங்களுக்கு ஒண்ணு, ஆட்டம் 10-11” என்று அறிவித்து, மூவரும் ஒரு நிமிடத்துக்குள் முடிவெடுத்து எறிவது. பிறகு அதே நிலைமையைத் திரும்ப அடுக்கி மற்ற வழியையும் ஆடிப் பார்ப்பது. ஒரு மாலையில் பத்து நிலைமை ஆடலாம். சாதாரண ஆட்டத்தில் அப்படிப்பட்ட பத்து நிலைமைகளைச் சந்திக்கப் பல வாரம் ஆகும்.

வலுவான அணி எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். பிரான்ஸ் ஆதிக்கம் செலுத்தும் ஆட்டத்தில் மடகாஸ்கர் 1999இலும், சொந்த ஊரான அந்தனானரிவோவில் 2016இலும் மூவர் உலகக் கோப்பையை வென்றது. மார்செய்யில் 1962 முதல் நடக்கும் மாபெரும் கோடைப் போட்டியும் மூவர் அணிகளுக்கானதுதான். பெயர்பெற்ற ஆட்டக்காரர்களும் வார இறுதியில் ஆடுபவர்களும் ஒரே பூங்காவின் மண்ணில் மோதுகிறார்கள்.

எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் அந்தக் கால் இறுதியின் கடைசி நிலைமையை வரைந்து வைத்திருக்கிறோம். போன மாதம் அதை மண்ணில் அடுக்கி ஆடிப் பார்த்தோம். கொஷொனேவை விட்டுவிட்டு, அருகில் நின்ற அவர்களுடைய குண்டை அடிப்பதென்று முடிவு. இரண்டாவது இடத்தில் எங்கள் குண்டு இருந்தது, அன்று அதையும் நாங்கள் பார்க்கவில்லை. எட்டு முறை அடித்ததில் ஐந்து முறை புள்ளி எங்களுக்குத் திரும்பியது. அதன் பிறகும் அவர்களிடம் இரண்டு குண்டு இருந்திருக்கும், ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கும்.